24 அடிப் படகை இழுக்க எந்த வாகனம்: வானா, கெப்பா, ஜீப்பா, லொறியா, உழவு இயந்திரமா?

ஒக்டோபர் கடைசியில் திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடல் நிறம் மாறத் தொடங்கும்போது என் கைபேசியும் அடிக்கத் தொடங்கும். புறாமலைத் தீவுக்கும் டொல்பின் பார்க்கவும் ஆள் ஏற்றும் பெடியள் பலர் இப்போது 18 அடிப் படகை விட்டு 23, 24 அடிக்கு மாறிவிட்டார்கள். வாடைக்காற்று தொடங்கினால் இங்கே கடல் மூடிவிடும். அதே மாதங்களில்தான் மேற்குக் கரையில் கற்பிட்டியில் டொல்பின் பருவம். படகை ட்ரெயிலரில் ஏற்றி ஏ12 வீதியால் ஹொரவப்பொத்தானை, அநுராதபுரம், புத்தளம் என்று போய் இறக்கிவிட்டால் அரை வருடம் சும்மா கிடக்க வேண்டியதில்லை. சின்னப் படகை டொயோட்டா டொல்பின் வானில் கொழுவிக்கொண்டு டொல்பின் பார்க்கப் போனவர்கள், பெரிய படகு வந்ததும் என்ன வாகனம் வாங்குவது என்று முழிக்கிறார்கள்.

போன கிழமை உப்புவெளித் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, டபுள் கெப் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். இழுக்குமோ?" (டபுள் கெப் என்றால் இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள பிக்கப்.)

இழுக்கும். ஒரு சோடி மாடு கட்டினாலும் இழுக்கும். கொழுவியதோடு நிற்குமா, நேராகப் போகுமா, வருடத்தில் எத்தனை நாள் இழுக்கப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். கடைசிக் கேள்விக்குப் பதில் வர நேரம் எடுத்தது. அந்தப் பதிலை வைத்துத்தான் கீழே உள்ளது முழுவதையும் எழுதுகிறேன்.

## முதலில் நிறுத்துப் பாருங்கள்

எடையை நிறுத்துப் பார்த்த பிறகுதான் வண்டியை நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம். "படகு ஒரு டன் வரும்" என்று கண்ணால் சொல்வதை நம்பி வாகனம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். என் படகுக்கு நான் போட்ட கணக்கு இது: வெற்றுப் படகு 900 கிலோ, 40 குதிரைவலு எஞ்சின் இரண்டு 150, ட்ரெயிலர் 420, பெற்றோல் 100 லீற்றருக்கு 75, சுழியோடும் சிலிண்டர் பன்னிரண்டு 200, நங்கூரம், கயிறு, உயிர்காப்பு அங்கி, கூரைத்துணி எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 1,805. கந்தளாய்ப் பக்கம் ஒரு நெல் ஆலையின் தராசில் ஏற்றியபோது 1,860 காட்டியது. மிச்சம் 55 கிலோவைத் தேடிப் படகின் அடித்தட்டைத் திறந்தோம். தண்ணீரும் மணலும். அன்றுதான் தெரிந்தது, நான் நிலாவெளி மணலையும் கற்பிட்டிக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தேன் என்று.

அதே தராசில் இன்னொரு வேலையும் முடிக்கலாம். ட்ரெயிலரைக் கழற்றி, முழுவதையும் மேடையில் வைத்து ஒருமுறை நிறுங்கள். பிறகு சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க, முன் தாங்கி வெளியே தரையில் நிற்கும்படி வைத்து இன்னொருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வாகனத்தின் கொழுக்கியில் விழும் பாரம். படகு ட்ரெயிலருக்கு அது மொத்த எடையில் 7 முதல் 10 வீதம் இருப்பது நல்லது. என் 1,860க்கு 130 முதல் 186 கிலோ.

இதைவிடக் குறைந்தால் ட்ரெயிலர் வாலாட்டும். ஒருமுறை சிலிண்டர்களையும் பெற்றோல் கான்களையும் இறக்க லேசாக இருக்கட்டும் என்று படகின் பின்பக்கம், கடையாலில் அடுக்கினோம். மிகிந்தலை தாண்டி 65இல் போகும்போது வண்டியின் பின்பக்கம் இடமும் வலமுமாக அசையத் தொடங்கியது. பிரேக்கை மிதிக்காமல் காலை எடுத்து, ஸ்டியரிங்கை ஆட்டாமல் பிடித்து, வேகம் தானாக விழும்வரை காத்திருந்தோம். அதற்குள் பக்கத்தில் இருந்தவன் கோணேசரில் தொடங்கித் தெரிந்த தெய்வங்கள் எல்லாரையும் கூப்பிட்டு முடித்துவிட்டான். இறங்கிச் சாமான்களை முன்னால், அணியப் பக்கம் மாற்றினோம், அசைவு போய்விட்டது.

கூடினாலும் சரியில்லை. வாகனத்தின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் காற்றில் பிடித்ததுபோல் இருக்கும்.

## நிற்குமா?

ஐந்தாறு வருடத்துக்கு முன் வானும் 18 அடிப் படகுமாக வந்த பயணம். ட்ரெயிலருக்கு பிரேக் இல்லை, எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஹொரவப்பொத்தானை தாண்டிக் கருக்கல் நேரம், வளைவு முடியும் இடத்தில் வீதியின் நடுவே ஒரு கொம்பன். பிரேக்கை அழுத்தினேன். வான் குறைந்தது, பின்னால் இருந்த ஒரு டன் குறையவில்லை. முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. வானின் பின்பக்கம் மெல்ல வலப்பக்கம் போக, கடைசியில் வீதிக்குக் குறுக்கே சரிந்து நின்றோம். யானை எங்களைப் பார்த்தது. இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுபோலக் காதை ஆட்டிவிட்டு இறங்கிப் போனது.

பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு லாண்ட் ரோவர் டிஃபென்டர், டொயோட்டா ஹைலக்ஸ், பிராடோ மூன்றுக்குமே தயாரிப்பாளர் கொடுக்கும் எல்லை 750 கிலோதான். 3,500 கிலோ இழுக்கும் என்று பெருமையாகச் சொல்லும் எண் எல்லாம் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் இருந்தால் மட்டும். ஆகவே 24 அடிக்கு மாறுகிறவர் முதல் காசை வாகனத்துக்கு அல்ல, ட்ரெயிலர் பிரேக்குக்குப் போட வேண்டும். வாகனம் குறையும்போது ட்ரெயிலர் முன்னால் தள்ள, அந்தத் தள்ளலிலேயே தன் பிரேக்கைப் பிடிக்கும் வகை நமக்குப் போதும். வயர் வேலை குறைவு. உப்புத் தண்ணீரில் இறங்கும் ட்ரெயிலரில் வயர் குறைவாக இருப்பதே நல்லது.

சரி, இனி வாகனங்கள்.

## வான்

டொயோட்டா ஹைஏஸில் பழைய டொல்பினோ பிந்திய கே.டி.எச்.சோ, வீட்டு வாசலில் ஏற்கெனவே நிற்கிறது என்பதே இதன் பெரிய பலம். வெள்ளைக்காரரையும் ஏற்றலாம், சிலிண்டரையும் ஏற்றலாம். ஆனால் 2005 முதல் ஓடிய ஹைஏஸ் தலைமுறைக்கு அவுஸ்திரேலியாவில் கொடுத்த இழுவை எல்லை 1,400 கிலோ, அதுவும் பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு. என் 1,860 அங்கேயே அடிபட்டுப் போகிறது. சனத்தை நிரப்பிக்கொண்டு இழுத்தால் பின் வில்லும் கிளட்ச்சும் முதலில் போகும். கடற்கரை மணலில் பின்சக்கரம் சுழன்று குழி தோண்டும்.

18 அடிக்கு வான் போதும். 24 அடிக்கு வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

## டபுள் கெப்

இங்கே பெரும்பாலானோர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. நானும் இங்கேதான் நிற்கிறேன், ஆகவே கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும்.

நீளமான அடிச்சட்டம், பின்னால் தட்டுவில், நான்கு சக்கர இழுவை, மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் லோ கியர். 2005க்கும் 2015க்கும் இடையில் வந்த 3.0 லீற்றர் ஹைலக்ஸ் 4x4க்கு எல்லை 2,250 முதல் 2,500 கிலோ. அதற்குப் பின் வந்த 2.8 லீற்றருக்கு 3,200 முதல் 3,500. 2015இன் மிட்சுபிஷி எல்200க்கு 3,100. என் படகுக்கு எல்லாமே போதும். பழையதில் கூட நாலில் ஒரு பங்கு வரை மிச்சம் இருக்கிறது. எல்லையைத் தொட்டுக்கொண்டு இழுப்பதைவிட இப்படி இடம் விட்டு இழுப்பதுதான் எஞ்சினுக்கும் நித்திரைக்கும் நல்லது.

ஆனால் கெப்பின் பின்பெட்டி ஆளை ஏமாற்றும். கொழுக்கியில் விழும் 180 கிலோவும் வாகனத்தின் பாரத்தில்தான் சேரும். உள்ளே ஐந்து பேர், பின்பெட்டியில் ஐஸ் பெட்டி, கம்பிரசர், ஜெனரேட்டர் என்று ஏற்றினால் ட்ரெயிலர் எல்லைக்குள் இருக்க, கெப் எல்லையைத் தாண்டியிருக்கும். பின்சக்கரத்துக்கு அப்பால் நீளும் பகுதியும் கெப்பில் அதிகம். கொழுக்கி எவ்வளவு தூரம் பின்னால் போகிறதோ அவ்வளவு நெம்புகோல் வேலை செய்யும். ஆகவே பாரத்தைப் பின்கதவோரம் வைக்காமல் கெபினை ஒட்டி அடுக்குங்கள்.

செலவைச் சொல்கிறேன். என் கெப் வெறுமையாக லீற்றருக்கு 10 கிலோமீற்றர் போகும். படகோடு 6.5. ஓட்டோ கியர் வாங்குகிறீர்கள் என்றால் கியர் எண்ணெயைக் குளிரவைக்கத் தனிக் குளிர்ப்பான் ஒன்று போடுங்கள். மனுவலில் அந்தக் கவலை இல்லை, பதிலாக மணலில் பாதிக் கிளட்ச்சில் நின்று கருகவைக்கும் பழக்கத்தை விட வேண்டும். லோ கியரைப் போட்டால் கிளட்ச் தப்பும். பலர் லோ கியர் போடும் அந்தக் குட்டிக் கம்பியை வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை.

விலைதான் வயிற்றைக் கலக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் ஐந்து வருடம் உள்நாட்டில் இருந்ததையே மாறி மாறி விற்றோம். பத்து வயது தாண்டிய கெப்பைப் புது வாகனம் மாதிரிப் பேசுவார்கள்.

## ஜீப்: பிராடோ, மொன்டெரோ

ஓட்டச் சுகம் இதில்தான். பின்சக்கரத்துக்கும் கொழுக்கிக்கும் இடையில் தூரம் குறைவு என்பதால் ட்ரெயிலர் கெப்பைவிட அமைதியாக வரும். சுற்றுலாப் பயணிகளை விமான நிலையத்திலிருந்து கூட்டி வரும் வேலையும் இருந்தால் இரண்டு உழைப்பு.

150 பிராடோவில் முந்திய வருடங்களுக்கு 2,500 கிலோ, பிந்தியவற்றுக்கு 3,000. மிட்சுபிஷியின் 3.2 மொன்டெரோவுக்கு 3,000 என்று எழுதியிருக்கும். ஆனால் 2,500ஐத் தாண்டினால் கொழுக்கியில் விழக்கூடிய பாரம் 250இலிருந்து 180 கிலோவுக்கு இறங்கிவிடும். பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் மாட்டுவோம். பின் சுருள்வில் மெத்தென்று இருப்பதால் பின்பக்கம் குந்தும். உதவி வில் போட வேண்டி வரும்.

இங்கே இறக்குமதியில் கலால் வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். மூன்று லீற்றர் ஜீப்பின் விலைக்கு அதுவே காரணம். ஏற்கெனவே வைத்திருக்கிறவர் கொழுவிக்கொண்டு போகட்டும். படகு இழுப்பதற்கென்று ஒன்றை லீசிங்கில் எடுக்க நினைக்கிறவர், அந்தத் தவணையில் இன்னொரு படகே வாங்கலாமே என்று ஒருமுறை யோசிக்கட்டும்.

## பழைய டிஃபென்டர்

மனம் கேட்கும், முதுகு கேட்காது. 3,500 கிலோ எல்லை, எப்போதும் நான்கு சக்கரத்திலும் இழுவை, எளிமையான எஞ்சின். 2016 ஜனவரியில் பழைய வடிவத்தின் உற்பத்தி நின்றது. நல்ல நிலையில் உள்ளதைச் சேகரிப்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள், மிச்சம் கிடப்பது மற்றவர்களுக்கு. மேல்தகடு அலுமினியம், துருப்பிடிக்காது என்பார்கள். அடிச்சட்டம் இரும்புதான். கடற்கரையில் பத்து வருடம் நின்ற டிஃபென்டரின் பின் குறுக்குச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். கொழுக்கி பூட்டுவது அதில்தான். கராஜில் நிற்பதையும் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளக்கூடியவருக்கு இது சரி.

## உழவு இயந்திரம்

வீதியில் நொண்டி, மணலில் ராசா. ஒரு மெசி 240 கடற்கரையில் செய்வதை எந்தக் கெப்பும் செய்யாது. நிலாவெளியில் காலையில் பாருங்கள். ட்ரெயிலரைப் பின்னுக்குத் தள்ளி இறக்கும் ஐயா ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் பின் மட்காட்டையும் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கடலுக்குத் திருப்பி அலையை எண்ணுவார். இரண்டு விட்டு மூன்றாவதில் பெரிய சக்கரம் பாதி அமிழ, படகு தானாக மிதந்து கழரும். பெடியள் "விடுங்கோ, விடுங்கோ" என்று கத்தி முடிப்பதற்குள் மெசி மேலே வந்துவிடும்.

கற்பிட்டிக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல். மணிக்கு 25இல் போனால் எட்டு மணித்தியாலம் தாண்டும். அந்தக் கதையே வேண்டாம். ஓட்டுவதற்கும் ஜி வகுப்பு அனுமதி தனியாக வேண்டும்.

ஆனால் கெப் வாங்குகிறவரும் கடலில் இறக்க மட்டும் உழவு இயந்திரத்தை வாடகைக்குப் பிடிப்பது என் உறுதியான அறிவுரை. உப்புத் தண்ணீர் கெப்பின் பின் அச்சு, பிரேக் டிரம், கைபிரேக் கம்பி என்று ஒவ்வொன்றாகச் சாப்பிடும். இரண்டு பருவம் கடலில் இறக்கிய கெப்பை விற்கப் போனால், வாங்க வந்தவர் குனிந்து அடியைப் பார்த்த பிறகு பேசும் விலை வேறு.

## லொறியில் ஏற்றிவிடுவது

இழுக்காமலே கொண்டுபோவது. எல்ஃப், கென்டர் மாதிரி லொறியில் 14 அடித் தட்டு இருக்கும். 18 அடிப் படகை அணியம் கெபினுக்கு மேல் வர ஏற்றிக் கட்டிவிடலாம். நம் மீனவர்கள் காலங்காலமாகச் செய்வது. 24 அடியில் பத்து அடி வெளியே நிற்கும். ஏற்ற இறக்க இரண்டு பக்கமும் ஒரு டசின் ஆள் வேண்டும், அல்லது பாரந்தூக்கி உள்ள லொறி. பட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் ஃபைபர் விரிசல் விடாமல் பழைய டயர்த் துண்டு வைக்க வேண்டும்.

இதெல்லாம் தொல்லைதான். ஆனால் வருடத்தில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே பயணம் என்றால், இரண்டு லொறி வாடகைக்கும் ஒரு கெப்பின் லீசிங் தவணைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் தொல்லை பெரிதாகத் தெரியாது.

## ஒரே பார்வையில் (1,860 கிலோ ட்ரெயிலருக்கு)

| வாகனம் | எடை தாங்குமா | மணலில் | நெடும்பயணம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வான் | இல்லை | புதையும் | ஆபத்து | கிளட்ச், பின் வில் |
| டபுள் கெப் 4x4 | ஆம் | லோ கியரில் நன்று | நன்று | டீசல், உப்புத் துரு |
| பிராடோ, மொன்டெரோ | ஆம் | நன்று | மிக நன்று | விலை, உதவி வில் |
| பழைய டிஃபென்டர் | ஆம் | மிக நன்று | சத்தம், களைப்பு | திருத்த வேலை, அடிச்சட்டம் |
| உழவு இயந்திரம் | ஆம் | இதற்கு ஈடில்லை | முடியாது | நேரம் |
| லொறியில் ஏற்றுவது | ஆம் | போகாது | நன்று | ஆள்கூலி, படகு விரிசல் |

## யாருக்கு எது

வருடத்தில் நாலு நாளுக்குக் குறைவாகப் படகை நகர்த்துகிறவர் வாகனமே வாங்க வேண்டாம். லொறி வாடகை, கடற்கரைக்கு உழவு இயந்திரம். மிச்சக் காசில் எஞ்சினை ஒழுங்காகச் சேர்விஸ் செய்யுங்கள்.

மாதம் ஒருமுறையாவது இழுக்கிறவருக்கும், குச்சவெளி, புல்மோட்டை, மூதூர் என்று இடம் மாற்றி ஆள் ஏற்றுகிறவருக்கும் டபுள் கெப். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. ட்ரெயிலர் பிரேக் புதிதாக இருக்கட்டும். விடுதியும் நடத்தி விருந்தாளிகளையும் ஏற்றுகிறவர் ஜீப் பக்கம் சாயலாம். உப்புவெளித் தம்பி விரலை மடித்து எண்ணிப் பார்த்து "ஆறு நாள்" என்றார். எல்லைக்கோட்டில் நிற்கிறார். ஆனால் அவருடைய கெப் படகு இல்லாத நாட்களில் சீமெந்தும் மரக்கறியும் ஏற்றி உழைக்கும் என்பதால், வாங்கு என்றேன்.

## வாங்கும் முன்பும் புறப்படும் முன்பும்

இலகு வாகன அனுமதிப்பத்திரம் இருந்தால் எந்த ட்ரெயிலரையும் இழுக்கலாம் என்று எண்ண வேண்டாம். வகுப்புக்கு வகுப்பு ட்ரெயிலர் எடைக்கு வரம்பு உண்டு. ட்ரெயிலருக்குத் தனிப் பதிவு வேண்டும். காப்புறுதிப் பத்திரம் ட்ரெயிலர் இழுக்கும்போது நடக்கும் சேதத்தையும் மூடுகிறதா என்று வாயால் கேட்காமல் எழுத்தில் பாருங்கள்.

கொழுக்கிச் சட்டத்தை ஒட்டுக்கடையில் பம்பரோடு ஒட்டுவிக்க வேண்டாம். அடிச்சட்டத்தில் நட்டுப் போல்ட்டால் பூட்ட வேண்டும். எனக்கு ஒருவர் ஒட்டித் தந்தது மூன்றாம் மாதம் மயிரிழை வெடிப்புக் காட்டியது.

சக்கரக் குண்டுகள் (பெயரிங்) இன்னொரு தனிக் கதை. ஓடி வந்த சூட்டோடு ட்ரெயிலரைக் கடலில் இறக்கினால் சூடான ஹப் (சக்கரக் குடம்) குளிர்ந்து சுருங்கும்போது உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். வந்தவுடன் இறக்காமல் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் ஆறவிடுங்கள். பயணத்தில் நிற்கும் இடமெல்லாம் நாலு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி; கையை இழுக்க வைத்தால் கிரீஸ் போய்விட்டது, அல்லது பிரேக் பிடித்தபடி நிற்கிறது.

அப்புறம் டோ போல், அதாவது வாகனத்தில் ட்ரெயிலரைப் பூட்டும் உருண்டை. நம் ஊரில் 50 மில்லிமீற்றர் உருண்டையும் இரண்டு அங்குல உருண்டையும் கலந்து ஓடுகின்றன. இரண்டு அங்குலம் என்பது 50.8 மில்லிமீற்றர். கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் ட்ரெயிலரின் இரண்டு அங்குலக் கிண்ணத்தை 50 உருண்டையில் பூட்டினால் ஆட்டம் விடும், குழியில் விழுந்து எழும்போது கழரக்கூடும். கிண்ணத்தின் மேல் அளவு பொறித்திருக்கும். துருவில் மறைந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாருங்கள்.